ரிட்டையர் ஆனால் உடம்பு கெட்டுவிடுமா? வேலையும் ஓய்வும் முதியவர்களின் உடல்நலத்தை எப்படி மாற்றுகின்றன?

"வேலைக்குப் போன வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, ரிட்டையர் ஆனதும் படுத்துட்டாரு." இப்படி ஒரு பேச்சைக் கேட்காத தெரு இருக்காது. "இத்தனை வருஷம் உழைச்சது போதும், இனிமேலாவது உடம்பைப் பார்த்துக்கட்டும்" என்பதும் அதே தெருவில் கேட்கிற பேச்சுதான். இதில் எது சரி? இந்தக் கேள்வியைப் பல நாட்டு ஆய்வாளர்கள் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தது என்ன? நம் ஊர் நிலைமைக்கு அது எவ்வளவு பொருந்தும்?

யாருக்கு ஓய்வு, யாருக்கு இல்லை?

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1998 முதலே 60 வயதுதான். ஆனால் இப்படித் தேதி குறித்து, மாலை போட்டு அனுப்பும் வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2017-18-ல் நாடு முழுவதும் 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் அதிகமானோரிடம் 'லாசி' என்ற முதுமை குறித்த ஆய்வு நடத்தப்பட்டது. 60 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இன்னும் வேலை பார்ப்பது அதில் தெரியவந்தது. பெரும்பாலும் விவசாய வேலை, கூலி வேலை, சொந்தமாகச் செய்யும் சிறு தொழில். ஆக, 'ரிட்டையர் ஆனால் என்ன ஆகும்' என்பது ஒரு பகுதியினரின் கேள்வி. 'ரிட்டையரே ஆக முடியாவிட்டால் என்ன ஆகும்' என்பது இன்னொரு பெரிய கூட்டத்தின் கேள்வி.

ஓய்வுக்குப் பிறகு உடல்நலம் கூடுமா?

கூடும் என்பதற்கு வலுவான சான்று பிரான்ஸிலிருந்து வந்தது. அந்நாட்டு மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்களை 'கசெல்' என்ற ஆய்வு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 14,714 பேரின் தகவல்களை வைத்து 2009-ல் வெளியான முடிவு இது: "உடம்பு சுமார்தான்" என்று சொன்னவர்கள் ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் 19.2 சதவீதம். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் அது 14.3 சதவீதமாகக் குறைந்தது. தூக்கக் கோளாறும், உடல் சோர்வும், மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கடினமான சூழலில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதிக பலன் கிடைத்தது. உயர் பதவியில், பளு குறைவான, மனசுக்குப் பிடித்த வேலையில் இருந்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது, சர்க்கரை நோய், இதய நோய் போன்றவை வரும் வாய்ப்பை ஓய்வு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. களைப்பு போனது, நோய் அதன் போக்கில் இருந்தது.

நினைவாற்றல் விஷயத்தில் கதை வேறு

பிரிட்டனில் 1985-ல் தொடங்கிய 'வைட்ஹால்' இரண்டாம் ஆய்வு, லண்டனில் பணியாற்றிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பின்தொடர்கிறது. அவர்களில் ஓய்வு பெற்றவர்களின் அறிவுத்திறன் பற்றிய முடிவு 2018-ல் வெளியானது. கேட்ட சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் திறன், வேலையில் இருந்தபோது குறைந்ததைவிட ஓய்வுக்குப் பிறகு 38 சதவீதம் வேகமாகக் குறைந்தது. வயதின் பாதிப்பைக் கழித்த பிறகும் இதுதான் நிலை.

உயர் பதவியில் இருந்தவர்களுக்கு வேலையில் இருந்த வரை இந்தச் சரிவு மெதுவாகவே இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. தினமும் பெயர்களையும் தேதிகளையும் நினைவில் வைத்து, நாலு பேரிடம் பேசி, முடிவெடுத்துப் பழகிய மூளைக்கு அந்தப் பயிற்சி நின்றுபோவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். இது டிமென்ஷியா எனும் மறதி நோய் அல்ல. தர்க்கமாக யோசிக்கும் திறன் போன்ற மற்றவற்றில் ஓய்வினால் இப்படி வேகமான சரிவு காணப்படவில்லை.

அப்படியானால் "படுத்துட்டாரு" என்பது பொய்யா?

முழுப் பொய்யும் அல்ல. அமெரிக்காவில் 62 வயதில் அரசு ஓய்வூதியம் வாங்கத் தொடங்கலாம். பலரும் அந்த வயதில் வேலையை விடுகிறார்கள். அதே 62-ல் ஆண்களின் இறப்பு விகிதம் சுமார் 2 சதவீதம் கூடுவதை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெண்களிடம் இந்த ஏற்றம் சிறியது, அதுவும் தெளிவாக இல்லை.

ஆனால் நாம் கண்ணால் பார்ப்பதில் ஒரு குழப்பம் உண்டு. ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள்தான் சீக்கிரம் வேலையை விடுகிறார்கள். பிறகு அவர்கள் படுத்தால், பழி ஓய்வின் மீது விழுகிறது. பல ஆண்டுகளாக உள்ளே இருந்த சுகரும் பிரஷரும் 60-ஐ ஒட்டித்தான் பலருக்கு வெளியே தெரிகின்றன. அதனால் ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோருக்கும் முடிவு கட்ட முடியாது.

வீட்டில் என்ன மாறுகிறது?

வேலைக்குப் போகும்போது பஸ் ஸ்டாப் வரை நடப்பது, மாடிப்படி ஏறுவது, கேன்டீன் வரை போய் வருவது எல்லாம் கணக்கில் வராத உடற்பயிற்சி. ஓய்வு பெற்ற மறுநாளே அது நின்றுவிடுகிறது. டிவி முன் உட்காரும் நேரம் கூடுகிறது. முதுமையில் தசை இயல்பாகவே குறையும். நடமாட்டமும் குறைந்தால் அது இன்னும் வேகமாகக் குறையும். பிறகு தடுக்கி விழுவதும் எலும்பு முறிவும் சுலபமாக நடக்கும்.

அலுவலக நண்பர்களின் போன் குறைந்ததும் சிலருக்குத் தனிமை வாட்டும். குடிப்பழக்கம் இருந்தால் அது கூடும் ஆபத்தும் உண்டு. பெண்களின் நிலை வேறு மாதிரி. ஆபீசிலிருந்துதான் ஓய்வு, அடுப்படியிலிருந்து இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் சேர்ந்தால் அவர்களுக்கு வேலை கூடவே செய்கிறது.

ஓய்வே இல்லாதவர்களின் உடல்நிலை

'வேலை செய்தால் உடம்பு நல்லா இருக்கும்' என்ற வரியை 65 வயதில் செங்கல் சுமக்கும் சித்தாளிடம் சொல்ல முடியாது. வேலை நலம் தருவது, அதை விடவும் குறைக்கவும் ஒருவருக்கு வழி இருக்கும்போதுதான்.

வெயில் ஒரு முக்கியமான ஆபத்து. வயதானால் தாக உணர்வு மங்கும், வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறனும் குறையும். பிரஷருக்காகச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீர்ச்சத்து இன்னும் வேகமாக இறங்கும். இரவு முழுக்க விழித்திருக்கும் வாட்ச்மேன் வேலையில் தூக்கம் கெடும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும் என்பதால் செக்கப்பையும் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

இங்கே மருந்தாக வேலை செய்வது பென்ஷன் பணம்தான். தமிழ்நாட்டில் 'ஓஏபி' எனப்படும் முதியோர் ஓய்வூதியம் 2023-ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பி.எஃப். சார்ந்த ஓய்வூதியத்தில் குறைந்தபட்சத் தொகை 2014-ல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. வாடகை, அரிசி, மாத்திரை என்று கணக்குப் போட்டால் இந்தத் தொகையை நம்பி வேலையை விடுவது பலருக்கும் நடக்காத காரியம்.

என்ன செய்யலாம்?

* ஓய்வுக்கு ஓராண்டு முன்பே சுகர், பிரஷர், கண், காது பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது.

* 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் 2 நாள் தசைப் பயிற்சியும், 3 நாள் உடல் சமநிலைப் பயிற்சியும் அவசியம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் ஒரு நல்ல தசைப் பயிற்சிதான். இதய நோய், மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

* எழுந்திருக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், வெளியே போகும் நேரம் மூன்றும் பழையபடி இருக்கட்டும். பகுதிநேர வேலை, சங்கப் பொறுப்பு, கோயில் வேலை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது என எதுவானாலும், நாலு பேரைப் பார்த்துப் பேச வைக்கிற வேலையாக இருந்தால் மூளைக்கும் நல்லது.

* வெயிலில் உழைப்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். முடிந்தவரை உச்சி வெயில் நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.

* சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் செயல்படுகிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு, வருமான வரம்பு இல்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

எப்போது உஷாராக வேண்டும்?

ஓய்வு பெற்றவர் இரண்டு வாரத்துக்கு மேல் யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் குறைந்தாலோ, பழகிய பாதையையே மறந்தாலோ, "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பென்ஷன் சந்தேகம், சட்ட உதவி, மன ஆறுதல் எதற்கும் முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.