உளி பிடிக்காமலே பாஸ்

உங்கட வீட்டில் 1960ஐ அண்டிப் பிறந்த ஆரும் இருந்தால் ‘என்.சி.ஜி.ஈ.’ எண்டு ஒருக்கால் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு ஒரு கதை வரும். ஓ.எல்லை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் கொண்டுவந்த சோதினை அது. 1975இல் முதன்முதலாக நடந்தது. 1977இல் ஆட்சி மாற, அதுவும் போய் ஓ.எல். திரும்பி வந்தது.

அந்தச் சோதினையில் எங்களை இழுத்தது தொழின்முன்னிலைப் பாடம். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கியவர்களில் பலர் படித்தும் வேலையில்லாத இளைஞர்கள். பள்ளிக்கூடம் வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருக்கும் வேலைகளுக்கும் பொருத்தமில்லை எண்டு டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் அமைப்பின் குழுவும் அதே வருடம் எழுதியது. கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத் 1972இல் பாடவிதானத்தையே மாற்றினார். மருத்துவரின் பிள்ளை, மீனவரின் பிள்ளை எண்ட பேதமில்லாமல், கணிதம் விஞ்ஞானத்தோடு ஊரில் நடக்கும் தொழில் ஒன்றையும் எல்லாரும் படிக்கவேண்டும்.

1943இல் கன்னங்கரா குழு சொன்னது இதற்கு நேரெதிர். இலவசக் கல்விக்காக அந்த அறிக்கையைக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் பதினொரு வயதளவில் பிள்ளைகளை மூன்று வகைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்பும் யோசனையும் அதற்குள்தான் இருந்தது. அதில் ஒரு வகை செய்முறைப் பாடசாலை. அந்தப் பிரிப்பு நடைமுறைக்கு வரவில்லை. நல்லகாலம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

அப்ப எல்லாருக்கும் பொதுவாக வந்த 1972 திட்டம் ஏன் நிலைக்கவில்லை? ஆசிரியர்கள் போதாது, கருவிகள் போதாது. செய்முறைப் பாடம் மெல்ல மெல்ல நோட்ஸ் ஆனது. உளி பிடிக்காமலே உளியைப் பற்றி எழுதிப் பாஸ் பண்ணலாம். தமிழ்ப் பக்கம் இன்னொன்றும் இருந்தது. தரப்படுத்தல் வந்ததும் அதே வருடங்கள்தான். பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வொரு புள்ளியாக எண்ணிக்கொண்டிருந்த பெற்றோருக்குத் தச்சு வேலைப் பாடம் களவு போன நேரமாகத்தானே தெரிந்திருக்கும்?

சாதியையும் மறைக்க ஏலாது. 1953இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை மக்கள் ‘குலக்கல்வி’ எண்டே அழைத்தார்கள். அடுத்த வருடம் காமராஜர் அதைக் கைவிட்டார். இங்கை நடந்தது வேறு திட்டம், பயம் மட்டும் அதே பயம். பாட்டன் காலத்தில் சாதியின் பேரால் சுமத்தப்பட்ட வேலையிலிருந்து தப்பத்தான் ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். காணி வைத்திருந்தவருக்கோ அது ‘மற்றவையின்ர வேலை’. இரண்டு பேரும் ஒரே பாடத்தை வெறுத்தார்கள், வேறு வேறு காரணத்துக்காக. முதலாமவரின் காரணம் எங்களுக்கு விளங்குது.

2013இல் ஏ.எல்லுக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. 2017இல் 13 வருடக் கல்வித் திட்டத்தோடு தொழிற்பிரிவும் சில பள்ளிக்கூடங்களில் தொடங்கியது. ஓ.எல். பெறுபேறு எப்படியிருந்தாலும் அதில் சேரலாம். நல்ல கதவுதான். ஆனால் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை அந்தப் பக்கம் போகப்போறன் எண்டால் வீட்டில் என்ன நடக்கும்? எங்கட குழுவில் ஒருத்தி கேட்டுப் பார்த்தாள். ரெண்டு நாளாக அம்மா அவளோட கதைக்கேல்லை.