பார்த்து வந்தவர்களும் பார்க்காமல் விட்டவையும்: மைசூர் நாட்டின் இரு கல்விப் பயணங்கள்

ஸ்ரீராம்புரத்துப் பெரியவர்கள் சிலர் சென்ற மாதம் ஒரு யோசனையுடன் வந்தனர். பகுதி இளைஞர்களுக்கு மாலைநேரப் படிப்பகம் ஒன்றை அமைக்க விரும்புகிறார்கள். அதற்கு முன் சிதம்பரம், காரைக்குடி போன்ற கல்லூரி ஊர்களுக்குச் சென்று, கல்வி நிலையமும் ஊரும் ஒன்றுக்கொன்று எவ்வாறு உதவுகின்றன என்று நேரில் காண வேண்டும் என்பது திட்டம். “அங்க போய் என்னென்ன கேக்கணும்னு நீயே எழுதிக் குடும்மா” என்றார் அவர்களுள் மூத்தவர். அந்தப் பட்டியலை எழுத அமர்ந்தபோது, இந்நகரின் கல்வி வரலாற்றில் இத்தகைய பயணங்கள் இரண்டு முன்பே நிகழ்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

முதற்பயணம் ஜம்ஷெட்ஜி டாடாவின் ஆராய்ச்சி நிறுவனக் கனவைச் சார்ந்தது. 1890-களின் இறுதியில் அவருடைய நண்பர் பர்ஜோர்ஜி பாத்ஷா மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்த்து ஒரு வரைவுத் திட்டத்துடன் திரும்பினார். அவர் முன்மாதிரியாகக் கொண்டது 1876-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அதன் முதல் தலைவர் கில்மனும், பதவியேற்றதும் முதலில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களைக் காணப் புறப்பட்டவரே. ஆக, பாத்ஷா கொண்டுவந்த மாதிரியே ஒரு பயணத்தின் பயன்தான்.

பாத்ஷாவின் வரைவு அறிவியலோடு நிற்கவில்லை. மருத்துவம், மெய்யியல், கல்வியியல் ஆகியவற்றுக்கும் அதில் இடமிருந்தது. பின்னர் திட்டத்தை ஆராய வந்தவர் வேதியியல் அறிஞர் வில்லியம் ராம்சே. அவர் பல நகரங்களைப் பார்த்துப் பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அளித்தது. 1909-இல் இந்திய அறிவியல் நிறுவனம் சட்டப்படி உருப்பெற்று, 1911-இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அங்கிருந்த துறைகள் வேதியியலும் மின்தொழில்நுட்பமும் மட்டுமே. பயணத்தில் பார்த்ததற்கும் கட்டி முடித்ததற்கும் இடையே மனிதரையும் மொழியையும் பற்றிய படிப்புகள் உதிர்ந்துபோயின. மொழியியல் மாணவியாகிய எனக்கு இந்த இழப்பு சிறியதாகத் தோன்றவில்லை.

இரண்டாம் பயணம் மைசூர் அரசுடையது. அதுவரை மைசூர் நாட்டுக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கே மாணவர்களை அனுப்பிவந்தன. சொந்தப் பல்கலைக்கழகம் ஒன்றைக் காண விழைந்த அரசுக்கு, வெளிநாட்டு மாதிரிகளை ஆராய்ந்து சொன்னவர்கள் இருவர். கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், சிகாகோ, விஸ்கான்சின் ஆகியவற்றை ஆராய்ந்தார். தாமஸ் டென்ஹாம் ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்தார். விசுவேசுவரையா திவானாக இருந்த காலத்தில், 1916 ஜூலை 27 அன்று மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. சுதேச சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதற்பல்கலைக்கழகம் அதுவே. ரெட்டி அங்கேயே நின்றுவிடவில்லை. 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஒருமுறை பார்த்துவந்தது இருமுறை பயன்பட்டது.

ரெட்டி கண்ட விஸ்கான்சினைத் தனித்துக் குறிப்பிட வேண்டும். அங்கே தலைவராயிருந்த வான் ஹைஸ், மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டிற்கும் பல்கலைக்கழகத்தின் பயன் சென்று சேர வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியவர். 1930-களில் மைசூர்ப் பல்கலைக்கழகம் ஊர்ப்புறங்களில் கன்னடத்தில் சொற்பொழிவுகள் நடத்தி, அவற்றை மலிவு விலைச் சிறுநூல்களாகவும் வெளியிட்டது. ஒன்று மற்றொன்றின் நேர் விளைவு என்று நான் வாதிடவில்லை. இரண்டிலும் வெளிப்படும் அக்கறை ஒன்றே என்கிறேன். அறிவு வளாகத்தைத் தாண்ட வேண்டுமாயின், அது மக்கள் மொழியில்தான் தாண்ட முடியும்.

இனி ஸ்ரீராம்புரத்துக்கு வருவோம். அறிவியல் நிறுவனம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அந்நிறுவனம் வளர்ந்த அதே பதிற்றாண்டுகளில் பஞ்சாலை வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் வேரூன்றின. ஆலைகள் மூடப்பட்டுவிட்டன, ராஜா ஆலை நின்ற இடத்தில் இன்று மந்திரி வணிக வளாகம் நிற்கிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் குறைந்து வருகின்றன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடநூலில் ஆங்கிலம் என்று மும்மொழிக்கிடையே வளரும் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் வாயில் பேருந்துச் சாளரத்தின் வழியே கடந்துபோகும் ஓர் இடம் மட்டுமே.

பாத்ஷாவும் ரெட்டியும் டென்ஹாமும் கூர்ந்து பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் ஓர் அரசின் சார்பிலோ ஒரு கொடையாளரின் சார்பிலோ பார்த்தவர்கள். அனுப்பியவரின் கேள்வி எதுவோ அதற்கே பயணியின் கண் விடை தேடும். இம்முறை அனுப்புபவர்களும் செல்பவர்களும் தெருவைச் சேர்ந்தவர்கள் என்பதே புதிய செய்தி. ஆகவே பெரியவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்த கேள்விகள் மூன்று:

பல்கலைக்கழக நூலகத்தில் ஊர்க்காரர் அமர்ந்து படிக்க முடிகிறதா?
அங்குக் காவலர், சமையலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?
அங்கு நடக்கும் ஆய்வில் ஏதேனும் ஒன்றை ஊர்மொழியில் ஊராருக்கு எவரேனும் சொன்னதுண்டா?

மூத்தவர் படித்துப் பார்த்துவிட்டு நான்காவதாக ஒன்றைத் தம் கையாலேயே சேர்த்தார்: “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கதவு திறந்திருக்குமா?” வேலை முடிந்து வருபவர்களின் கேள்வி அது. எந்த அறிக்கையிலும் நான் கண்டிராத கேள்வியும் அதுவே.