எடை குறைய வேண்டுமா? பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்

உடல் எடையைக் குறைக்க முடிவெடுத்ததும் பலர் சோற்றைத்தான் முதலில் குறைக்கிறார்கள். மாலைத் தேநீரோடு சேரும் பிஸ்கட்டும் நொறுக்குத்தீனியும் கணக்கில் வருவதில்லை. அந்தக் கணக்கு பொட்டலத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது.

மலேசியாவில் 'மக்லுமாட் பெமாக்கானான்' என்ற தலைப்பில் ஊட்டச்சத்து அட்டவணை அச்சிடப்படுகிறது. அதில் 'தெனாகா' என்பது கலோரி அளவு. 'லெமாக்' என்பது கொழுப்பு. 'ஜும்லா கூலா' என்பது மொத்தச் சீனி.

ஒருமுறை உண்ணும் அளவு: முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 150 கிராம் பொட்டலத்தில், ஒருமுறை உண்ணும் அளவு 30 கிராம், அதற்கு 160 கலோரி என்று இருந்தால், முழுப் பொட்டலத்தையும் காலி செய்பவருக்குச் சேர்வது 800 கலோரி.

ஒப்பிடும் முறை: ஒருமுறை உண்ணும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே, இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது 100 கிராம் அல்லது 100 மில்லிலிட்டருக்கான எண்களையே பார்க்க வேண்டும்.

சீனி: ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள 330 மில்லிலிட்டர் பானத்தில் 33 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்கும் மேல் சீனி உண்டு. சிங்கப்பூரில் 'நியூட்ரி-கிரேட்' முறைப்படி, 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்கள் 'டி' தரத்தில் வரும்.

சேர்க்கப்பட்ட பொருள்கள்: எடையில் அதிகமாக உள்ளதே பட்டியலில் முதலில் வரும். சீனி முதல் மூன்று இடங்களில் இருந்தால் யோசித்து வாங்கலாம். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ் ஆகியவையும் சீனி வகைகளே.

முன்பக்க வாசகங்கள்: சமையல் எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்றிருப்பது உண்மைதான்; தாவர எண்ணெயில் அது இயல்பாகவே கிடையாது. ஆனால், எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கும். அதுபோல, 'சீனி சேர்க்கப்படவில்லை' என்ற பழச்சாற்றிலும் பழத்தின் சீனி இருக்கும்.

சந்தையில் நிறுத்து வாங்கும் முறுக்கு, பகோடாவுக்கு இந்த அட்டவணை இருக்காது. எண்ணெயில் பொரித்தவை என்பதால் அளவோடு உண்பதே வழி.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் உணவைத் திடீரெனக் குறைத்தால், இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கக்கூடும். அவர்கள் மருத்துவரையோ கிளினிக்கில் உள்ள உணவுமுறை ஆலோசகரையோ முதலில் கேட்டுக்கொள்வது அவசியம்.