பெற்றோரின் நாடு, மகளின் கடவுச்சீட்டு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சீடர் ரேப்பிட்ஸ் நகரில் 2000ஆம் ஆண்டு பிறந்தவர் தாரா பிரசாத். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் பயின்ற அவர், 2019இல் இந்தியக் குடியுரிமை பெற்று, அதன்பின் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். தேசிய சாம்பியன் பட்டம், நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப் போட்டி, 2025 பிப்ரவரியில் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் எட்டாம் இடம் எனத் தொடர்கிறது அவருடைய விளையாட்டு வாழ்க்கை. அவருக்கு முந்தைய தலைமுறையில், அமெரிக்காவில் வளர்ந்த அமி பரேக் 2000களில் இதே பாதையில் நடந்தவர்.

இச்செய்திகளை எழுதும் நாளிதழ்கள் பெரும்பாலும் 'தாய்நாட்டுக்குத் திரும்பிய மகள்' என்ற தொனியையே கைக்கொள்கின்றன. திரும்புதல் என்ற சொல் இங்குப் பொருந்துமா என்பதே கேள்வி. பிறந்த இடம் ஒன்று. பயிற்சி பெறும் பனித்தளமும் பெரும்பாலும் அங்கேதான். மாறுவது கடவுச்சீட்டு மட்டுமே. பெற்றோரின் நாடு என்பது வீடும் நகையும் போலப் பிள்ளைகளுக்குத் தானாக வந்துசேரும் சொத்து என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். விளையாட்டின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. அது விலை கொடுத்துப் பெறப்படுவது. அந்த விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் விளையாட்டு வீரரே.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். தானே விரும்பி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற ஒருவர் இந்தியக் குடிமகன் ஆகார் என்று அரசமைப்பின் 9ஆவது உறுப்பு கூறுகிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதே கொள்கையைத் தொடர்கிறது. பிரிவினையின் நிழலில், ஒருவர் இரு நாடுகளுக்கும் உரியவராக இருக்க முடியாது என்ற அச்சம் மேலோங்கியிருந்த காலத்தில் உருவான கொள்கை இது. பின்னாளில் புலம்பெயர்ந்தோரின் கோரிக்கையை ஏற்று, 2003, 2005 திருத்தங்களின் வழியே 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்' என்ற அட்டை நடைமுறைக்கு வந்தது. பல இதழ்கள் இதனை 'இரட்டைக் குடியுரிமை' என்றே எழுதின, இன்றும் எழுதுகின்றன. பெயரில் 'குடிமக்கள்' உண்டு, உரிமையில் இல்லை. அட்டைதாரருக்கு வாக்குரிமை கிடையாது, அரசமைப்புப் பதவிகள் கிடையாது. ஒரு சொல் தான் சுட்டும் பொருளைவிடப் பெரிதாக வளர்ந்துவிடும் போக்குக்கு இது நல்ல சான்று.

இந்த இடைவெளி விளையாட்டுத் துறையில் வெளிப்பட்டது 2008 டிசம்பரில். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் மட்டுமே நாட்டின் அணியில் இடம்பெறலாம் என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் அப்போது அறிவித்தது. சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ், லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 2003 முதல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியவர். டென்னிஸ் வீராங்கனை ஷிகா உபராயும் இந்திய அணிக்காக ஆடியவரே. இவ்விருவரும் அந்த ஒரே அறிவிப்பால் பாதிக்கப்பட்டனர். 2010இல் தில்லி உயர் நீதிமன்றமும் இக்கொள்கை செல்லும் என்றது. பெற்றோரின் நாடு அதுவரை ஓர் உறவாக இருந்தது, அதன்பின் ஆவணமாயிற்று.

இக்கொள்கைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு வசதிகளில் வளர்ந்தவர், உள்நாட்டில் வசதியின்றிப் போராடும் வீரரின் இடத்தைப் பறிப்பது முறையா என்ற கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அந்த உள்நாட்டு வீராங்கனைக்குக் கொள்கை என்ன கொடுத்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சர்வதேச அளவிலான பனித்தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. 1920இல் தொடங்கிய சிம்லா தளம் இயற்கைப் பனியை நம்பியது. குளிர்காலத்தின் சில வாரங்களே பயன்படும். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக டேராடூனில் கட்டப்பட்ட உள்ளரங்கத் தளம், போட்டி முடிந்தபின் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. ரோலர் ஸ்கேட்டிங்கில் எத்தனையோ பிள்ளைகளை உருவாக்கும் பெங்களூரிலோ, சென்னையிலோ அத்தகைய பனித்தளம் ஒன்றுகூட இல்லை. உள்ளூர்ச் சிறுமிக்கு இடத்தைக் காத்துக் கொடுத்த அரசு, அவள் சறுக்கிப் பழகத் தளத்தைக் கொடுக்கவில்லை. இந்தியாவிலிருந்து எந்த ஃபிகர் ஸ்கேட்டரும் இதுவரை ஒலிம்பிக்கில் ஆடியதில்லை என்பதில் வியப்பு இல்லை.

பிற நாடுகளில் இவ்விலை வேறு வடிவங்களில் கேட்கப்பட்டது. கலிபோர்னியாவில் கொரியப் பெற்றோருக்குப் பிறந்த மின் யூ-ரா, 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஐஸ் டான்ஸ் பிரிவில் தென்கொரியாவுக்காக ஆடினார். ஒலிம்பிக்கில் இருவரும் அந்நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பதால், அவருடைய அமெரிக்க இணையர் அலெக்சாண்டர் காமெலினும் கொரியக் குடியுரிமை பெற்றிருந்தார். மரபுடையில், 'ஆரிராங்' நாட்டுப்பாடலுக்கு அவர்கள் ஆடியபோது அரங்கம் நெகிழ்ந்தது. ஆனால் ஜப்பானுடன் உரிமைச் சிக்கல் உள்ள தோக்தோ தீவைக் குறிக்கும் வரி, அரசியல் சாயல் கருதி அப்பாடலிலிருந்து முன்னரே நீக்கப்பட்டிருந்தது. பயிற்சிச் செலவுக்கு இணையவழி நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது; அதிபர் மூன் ஜே-இன் தம்பதியரும் 1000 டாலர் அளித்தனர். சில மாதங்களில் அந்த இணை பிரிந்தது. நாட்டின் பண்பாட்டை உலக மேடையில் உடுத்திக் காட்டியவர்கள், அம்மேடையை அடைவதற்கான செலவைத் தாமே தேடிக்கொண்டவர்கள்.

இதனினும் கடுமையானது ஷூ யீயின் அனுபவம். 2002இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த பெவர்லி ஷூ, 2018இல் அமெரிக்க நோவிஸ் பிரிவுச் சாம்பியன். அதே ஆண்டு சீனாவின் பக்கம் வந்து, பெயரையும் சீன முறைக்கு மாற்றிக்கொண்டார். 2022 பிப்ரவரி 6 அன்று, பெய்ஜிங் ஒலிம்பிக் அணிப் போட்டியின் குறுநிகழ்ச்சியில் தவறி விழுந்து கடைசி இடம் பெற்றார். அவர் விழுந்ததைக் குறிக்கும் ஹேஷ்டேக் சீனச் சமூக ஊடகமான வெய்போவில் சில மணி நேரத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகளைப் பெற்றது. வசைகளில் ஒன்று குறிப்பாகக் கவனிக்கத்தக்கது: நாட்டுப்பற்றைப் பேசுமுன் சீன மொழியை ஒழுங்காகப் பேசக் கற்கட்டும் என்பது. அதே போட்டிகளில், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து சீனாவுக்காகப் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற ஐலீன் கூ சரளமாக மாண்டரின் பேசுபவர்; அவர் கொண்டாடப்பட்டார். மொழித் தேர்ச்சியையும் வெற்றியையும் இங்குப் பிரித்தறிவது கடினம். தோற்றவரின் உச்சரிப்பு மட்டுமே குறையாகக் கேட்கிறது. கடவுச்சீட்டை அரசு வழங்கலாம். 'நம்மவர்' என்ற சான்றிதழைப் பார்வையாளரே வழங்குகின்றனர், நினைத்தபோது திரும்பப் பெறவும் செய்கின்றனர்.

இந்தியாவில் இவ்வினாவை அண்மையில் மீண்டும் எழுப்பிய நகரம் பெங்களூரு. எழுப்பிய விளையாட்டு கால்பந்து. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2023இல் பெங்களூரு எஃப்சி அணியில் சேர்ந்தவர். தாய் மும்பையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய்வழித் தாத்தா லிங்கன் குரோஸ்டேட் சந்தோஷ் கோப்பையில் பம்பாய் அணிக்காக ஆடியவர். 2025இல் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் கடவுச்சீட்டு பெற்று, நவம்பரில் பெங்களூரில் நடந்த இந்திய அணி முகாமில் இணைந்தார். இவ்வழியில் அவருக்கு முன்னோடி, ஜப்பானில் பிறந்து, இந்தியத் தந்தையின் வழியே குடியுரிமை பெற்று 2013இல் இந்தியாவுக்காக ஆடிய இசுமி அராடா. ஒரு பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டே பெயர்கள்.

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் இச்சட்ட வேறுபாட்டை ஒரே மைதானத்தில் காட்டியது. வங்கதேச அணியில், இங்கிலாந்தின் லஃப்பரோவில் வங்கதேசத் தாய்க்குப் பிறந்த ஹம்சா சௌத்ரி ஆடினார். அந்நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால், அவர் எதையும் துறக்க வேண்டியிருக்கவில்லை. பிறந்த நாட்டின் குடியுரிமையையே துறந்திருந்த வில்லியம்ஸ், அணி மாற்றத்துக்கான அனுமதி நிறைவுறாததால் அன்று களமிறங்க இயலவில்லை. இந்தியா 0–1 எனத் தோற்றது. ஒரு வீரர் ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 1947க்கு முன் ஒரே ஆட்சிப் பரப்பில் இருந்த இரு நாடுகள், தாயின் நாட்டைத் தேடி வந்த இருவரிடம் எவ்வளவு மாறுபட்ட விலையைக் கேட்டன என்பதை அந்த மாலை காட்டியது.

இவ்விடத்தில் தாரா பிரசாத்தின் தேர்வை மீண்டும் எடைபோடலாம். கால்பந்து வீரருக்குத் துறப்பின் மறுபக்கத்தில் ஊதியம் தரும் லீக் உண்டு, ஆரவாரிக்கும் ரசிகர்கள் உண்டு. ஃபிகர் ஸ்கேட்டருக்கு இந்தியாவில் இவை இரண்டும் இல்லை. ஆகவே அவருடைய தேர்வை ஆதாயக் கணக்கால் விளக்க முடியாது. உணர்ச்சிமிக்க 'இரத்தப் பாசம்' என்ற சொல்லாலும் முழுமையாக விளக்க முடியாது. உறவு இயல்பாகவே இருந்திருந்தால் ஆவணம் தேவைப்பட்டிருக்காது; ஆவணமே போதுமென்றால் ஷூ யீ வசைபட்டிருக்க மாட்டார்.

ஒற்றைக் குடியுரிமை தொடர வேண்டுமா, விளையாட்டுக்கென விதிவிலக்கு வேண்டுமா என்பது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது. அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒருவரிடம் பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்து வரச் சொல்லும் அரசு, அவரும் அவரோடு போட்டியிடும் உள்ளூர்ச் சிறுமியும் சேர்ந்து பயிலும்படி, ஆண்டு முழுதும் திறந்திருக்கும் பனித்தளங்களைத் தென்னகத்திலும் அமைக்கலாம். அதுவரை 'தாய்நாடு திரும்பிய மகள்' என்ற தலைப்பு, திரும்பி வந்தவர் நின்று பழக ஓரிடமில்லாத நாட்டைப் பற்றிய தலைப்பாகவே இருக்கும்.