இந்தியன் பிரீமியர் லீக் சம்பள வரம்பு

இந்தியன் பிரீமியர் லீக் சம்பள வரம்பு என்பது, இந்தியன் பிரீமியர் லீக் (ஐ.பி.எல்.) இருபது20 துடுப்பாட்டத் தொடரில் பங்குபற்றும் ஒவ்வோர் அணியும் தனது வீரர்களுக்காக ஒரு பருவத்தில் செலவிடக்கூடிய தொகைக்கு இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்துள்ள உச்சவரம்பு ஆகும். 2008ஆம் ஆண்டில் தொடர் தொடங்கியது முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. அணி உரிமையாளரின் செல்வநிலை எதுவாயினும் எல்லா அணிகளுக்கும் வரம்பு ஒன்றே. வசதி மிக்க அணிகள் சிறந்த வீரர்கள் அனைவரையும் விலைக்கு வாங்கிவிடாமல் தடுப்பது இதன் நோக்கமாகும். எனினும், வரம்பில் எது கணக்கிடப்படுகின்றது, எது கணக்கிடப்படுவதில்லை என்பதைப் பொறுத்தே அணிகளின் திட்டங்கள் அமைந்து வந்துள்ளன. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

2008 சனவரியில் எட்டு அணிகளின் உரிமைகள் விற்கப்பட்டன. மும்பை அணியை ரிலையன்ஸ் நிறுவனம் 11.19 கோடி அமெரிக்க டாலருக்கும், சென்னை அணியை இந்தியா சிமெண்ட்சு நிறுவனம் 9.1 கோடி டாலருக்கும் வாங்கின. மிகக் குறைந்த விலைக்கு, அதாவது 6.7 கோடி டாலருக்கு, விற்கப்பட்டது செய்ப்பூர் அணியாகும். உரிமையாளர்களின் பணபலம் இவ்வாறு வேறுபட்டிருந்தமையால், வீரர்களுக்கான செலவில் சமநிலை தேவைப்பட்டது. எனவே ஓர் அணி வீரர்களுக்காக 50 இலட்சம் டாலருக்கு மேல் செலவிடக்கூடாது எனவும், 33 இலட்சம் டாலருக்குக் குறையாமல் செலவிட வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட செய்ப்பூர் அணியே (ராசத்தான் ராயல்சு) முதற்பருவத்தில் வாகை சூடியது குறிப்பிடத்தக்கது.

வரம்பின் வளர்ச்சி

ஏலத்துக்கான வரம்பு பின்வருமாறு உயர்ந்து வந்துள்ளது. 2014 முதல் கணக்கு டாலரிலிருந்து இந்திய ரூபாய்க்கு மாற்றப்பட்டது.

* 2008 - 50 இலட்சம் டாலர்
* 2011 - 90 இலட்சம் டாலர்
* 2014 - 60 கோடி ரூபாய்
* 2018 - 80 கோடி ரூபாய்
* 2022 - 90 கோடி ரூபாய்
* 2023 - 95 கோடி ரூபாய்
* 2024 - 100 கோடி ரூபாய்
* 2025 - 120 கோடி ரூபாய்
* 2026 - 125 கோடி ரூபாய்

2025 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீரர் ஒருவருக்கு 7.5 இலட்சம் ரூபாய் ஆட்டக் கட்டணமாகவும் வழங்கப்படுகின்றது. ஆட்டக் கட்டணம், திறன் அடிப்படையிலான ஊதியம் ஆகியவற்றையும் சேர்த்து 2025 பருவத்துக்கான மொத்த வரம்பு 146 கோடி ரூபாய் ஆகும்.

அணிகள் கையாண்ட வழிகள்

ஐகான் வீரர் விதி

2008இல் சச்சின் டெண்டுல்கர் (மும்பை), சௌரவ் கங்குலி (கொல்கத்தா), ராகுல் திராவிட் (பெங்களூர்), யுவராச் சிங் (பஞ்சாப்), வீரேந்தர் சேவாக் (தில்லி) ஆகியோர் ஐகான் வீரர்களாக அறிவிக்கப்பட்டனர். இவர்கள் ஏலத்துக்கு விடப்படவில்லை. மாறாக, தத்தமது அணியில் மிகக் கூடுதலான விலை பெறும் வீரரைவிட 15 விழுக்காடு அதிகமாக இவர்களுக்கு வழங்க வேண்டும்.

சென்னை அணிக்கு ஐகான் வீரர் எவரும் இல்லை. 2008 பெப்ரவரி 20 அன்று நடந்த ஏலத்தில் அவ்வணி மகேந்திரசிங் தோனியை அந்த ஏலத்தின் உச்ச விலையான 15 இலட்சம் டாலருக்கு வாங்கியது. ஐகான் வீரரைக் கொண்ட ஓர் அணி இதே விலைக்குத் தோனியை வாங்கியிருந்தால், ஐகான் வீரருக்கு 17.25 இலட்சம் டாலர் கொடுத்திருக்க வேண்டும். இருவருக்குமாக 32.25 இலட்சம் டாலர் செலவாகி, எஞ்சிய அணி முழுவதற்கும் 17.75 இலட்சம் டாலர் மட்டுமே மிஞ்சியிருக்கும். சென்னை அணிக்கோ 35 இலட்சம் டாலர் மிஞ்சியது. விண்மீன் வீரர் ஒருவர் முன்கூட்டியே இல்லாதது குறையாகத் தோன்றினும், வரம்பின் கணக்கில் அது ஆதாயமாக அமைந்தது.

இரகசிய ஏலம்

2010 சனவரியில் நடந்த ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய தொகை 7.5 இலட்சம் டாலராக இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கீரோன் பொல்லார்டுக்காக மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூர் ஆகிய நான்கு அணிகளும் அந்த உச்சத்தொகையைக் கூறின. இதனால் ஒவ்வோர் அணியும் மேலதிகமாகத் தர விரும்பும் தொகையை எழுதி மூடிய உறையில் கொடுக்கும் முறை கையாளப்பட்டது. கூடிய தொகை எழுதிய மும்பை அணி அவரைப் பெற்றது. 2012இல் இரவீந்திர சடேசாவுக்காகச் சென்னையும் டெக்கான் சார்சர்சும் 20 இலட்சம் டாலர் வரை சென்றபோதும் இதே முறையே பின்பற்றப்பட்டது. அம்முறை சென்னை வென்றது.

மூடிய உறைகளில் எழுதப்பட்ட தொகைகள் வெளியிடப்படவில்லை. அத்தொகை சம்பள வரம்பில் சேராது. வீரருக்கும் செல்லாது, வாரியத்துக்கே செல்லும். ஆகவே வரம்பு நடைமுறையில் இருந்தும், இறுதி முடிவைப் பணபலமே தீர்மானித்தது.

தக்கவைப்பு

2011இல் ஏலத்துக்கு முன்னரே நான்கு வீரர்கள் வரை தக்கவைத்துக்கொள்ள அணிகளுக்கு இசைவளிக்கப்பட்டது. நால்வரையும் தக்கவைத்தால் 18, 13, 9, 5 இலட்சம் டாலர் என மொத்தம் 45 இலட்சம் டாலர் வரம்பிலிருந்து கழிக்கப்படும். வீரருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத் தொகை எவ்வளவாக இருப்பினும், கழிக்கப்படுவது இந்த நிர்ணயத் தொகையே. இதனால், வெளிச்சந்தையில் மிக உயர்ந்த விலை பெறக்கூடிய வீரரைத் தக்கவைப்பது வரம்பின் கணக்கில் மலிவாக அமைந்தது. அவ்வாண்டு ஏலத்தில் கௌதம் கம்பீர் 24 இலட்சம் டாலருக்கு விலைபோனதை இதனுடன் ஒப்பிடலாம். 2018இல் நிர்ணயத் தொகையைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் கூடிய தொகையே கழிக்கப்பட்டது. விராட் கோலிக்கு 17 கோடி ரூபாய் வழங்கிய பெங்களூர் அணியின் கணக்கில் 15 கோடிக்குப் பதிலாக 17 கோடியும் கழிக்கப்பட்டது.

சென்னை அணி தக்கவைத்த வீரர்கள்:

* 2011 - தோனி, சுரேஷ் ரைனா, முரளி விசய், அல்பி மோர்க்கல் (கழிவு 45 இலட்சம் டாலர்)
* 2014 - தோனி, ரைனா, அஸ்வின், சடேசா, டுவைன் பிராவோ (39 கோடி ரூபாய்)
* 2018 - தோனி, ரைனா, சடேசா (33 கோடி ரூபாய்)
* 2022 - சடேசா, தோனி, மொயீன் அலி, ருதுராச் கெயிக்வாட் (42 கோடி ரூபாய்)
* 2025 - கெயிக்வாட், சடேசா, மதீச பத்திரன, சிவம் துபே, தோனி (65 கோடி ரூபாய்)

2022இல் அணித்தலைவரான தோனி 12 கோடி ரூபாயுடன் இரண்டாம் இடத்தை ஏற்றுக்கொள்ள, 16 கோடி ரூபாய்க்குரிய முதலிடம் சடேசாவுக்கு வழங்கப்பட்டது.

வீரர் வகைப்பாடு

பன்னாட்டுப் போட்டிகளில் ஆடாத வீரர்களுக்குத் தனி விதிகள் உண்டு. 2011 முதல் 2013 வரை இத்தகைய இந்திய வீரர்கள் ஏலத்துக்கு விடப்படவில்லை. அனுபவத்தைப் பொறுத்து 10 முதல் 30 இலட்சம் ரூபாய் வரை நிர்ணயச் சம்பளமே அவர்களுக்கு உண்டு. 2014இல் இவர்களும் ஏலத்தில் சேர்க்கப்பட்டபோது கரண் சர்மாவை ஐதராபாத் அணி 3.75 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இது முன்னைய உச்சச் சம்பளத்தின் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாகும். அதுவரை இவ்வீரர்களின் உண்மை மதிப்பு எவ்வளவு அழுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதை இது காட்டியது.

2024 செப்டம்பரில் பழைய விதியொன்று மீண்டும் கொண்டுவரப்பட்டது. இதன்படி, கடந்த ஐந்து ஆண்டுகளில் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடாதவரும் வாரியத்தின் ஒப்பந்தம் இல்லாதவருமான இந்திய வீரர், பன்னாட்டுப் போட்டிகளில் ஆடாதவராகவே கருதப்படுவார். 2019 சூலையில் இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடிய தோனி இவ்வகையில் 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்டார். பன்னாட்டு வீரராக ஐந்தாம் இடத்தில் தக்கவைத்திருந்தால் 14 கோடி ரூபாய் கழிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு மிஞ்சிய 10 கோடி ரூபாய், அவ்வேலத்தில் சென்னை அணி ஆப்கானித்தானின் நூர் அகமதுக்குக் கொடுத்த விலைக்குச் சமமானதாகும். ராசத்தான் அணியும் சந்தீப் சர்மாவை இதே விதியின்கீழ் தக்கவைத்தது.

வீரர் பரிமாற்றம்

ஏலத்துக்கு வெளியே அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளலாம். வீரரின் சம்பளம் புதிய அணியின் வரம்பில் சேரும். ஆனால் அணிகளுக்கிடையே கைமாறும் மாற்றுக் கட்டணம் வெளியிடப்படுவதில்லை, வரம்பிலும் சேர்வதில்லை. 2023 நவம்பரில் ஆர்திக் பாண்டியா குசராத்து அணியிலிருந்து மும்பைக்கு மாறியபோது, மும்பையின் வரம்பில் 15 கோடி ரூபாய் மட்டுமே கணக்கிடப்பட்டது. அதற்கு இடமளிக்க மும்பை அணி கேமரன் கிரீனை 17.5 கோடி ரூபாய்க்குப் பெங்களூருக்கு மாற்றியது. 2025 நவம்பரில் சென்னை அணி சடேசாவையும் சாம் கரனையும் ராசத்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை 18 கோடி ரூபாய்ச் சம்பளத்தில் பெற்றது. இம்மாற்றத்தில் சடேசாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

வரம்புக்கு வெளியேயான செலவு

பயிற்றுநர்கள், திறன் தேடுநர்கள், பயிற்சிக் கூடங்கள் ஆகியவற்றுக்கான செலவு வரம்பில் சேர்வதில்லை. சென்னை அணி 2022இல் சூப்பர் கிங்ஸ் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கியது. 2023 முதல் தென்னாப்பிரிக்காவில் சோபர்க் சூப்பர் கிங்ஸ், அமெரிக்காவில் டெக்சாசு சூப்பர் கிங்ஸ் ஆகிய அணிகளையும் நடத்துகின்றது. பாப் டு பிளெசி இவ்விரு அணிகளுக்கும் தலைமை தாங்கியுள்ளார். ஒரே உரிமையாளரிடம் பல நாடுகளில் அணிகள் இருப்பதால், வீரர் ஒருவருடன் ஆண்டு முழுவதும் தொடர்பு பேண முடிகின்றது.

காற்பந்தாட்டத்துடன் ஒப்பீடு

ஐரோப்பியக் காற்பந்தாட்டத்தில் செலவு வரம்பு கழகத்தின் வருமானத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் 2010இல் ஏற்றுக்கொண்ட நிதி நியாய விதிகள், கழகங்கள் வரவுக்குள் செலவிட வேண்டும் என வலியுறுத்தின. அவ்விதிகளுக்குப் பதிலாக 2022இல் ஏற்கப்பட்ட புதிய விதியின்படி சம்பளம், வீரர் வாங்கும் செலவு, முகவர் கட்டணம் ஆகியவை வருமானத்தின் 70 விழுக்காட்டைத் தாண்டலாகாது. வருமானம் கூடக்கூடச் செலவிடும் உரிமையும் கூடுவதால், இவ்விதி பெரிய கழகங்களின் முதன்மையை நிலைநிறுத்துகின்றது என விமர்சிக்கப்படுகின்றது.

செல்வமிக்க கழகங்கள் இங்கும் கணக்கிடும் முறையையே பயன்படுத்தின. வீரரை வாங்கிய விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கணக்கிடப்படுவதால், செல்சி கழகம் 2022-23 பருவத்தில் சில வீரர்களுடன் ஏழு, எட்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது. பத்து கோடியை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு இரண்டு கோடி. எட்டாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றேகால் கோடி மட்டுமே. 2023இல் இக்கால அளவு ஐந்தாண்டுகளாக வரையறுக்கப்பட்டது. மறுபுறம், எசுப்பானிய லீக்கின் சம்பள வரம்புக்குள் அடக்க முடியாமையால் 2021இல் லியோனல் மெசியைப் பார்சிலோனா இழந்தது. இங்கிலாந்தில் எவர்ட்டன் கழகத்துக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது 6 ஆக்கப்பட்டது.

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், ஐ.பி.எல். போன்றே எல்லாக் கழகங்களுக்கும் பொதுவான சம்பள வரம்பு உண்டு. 2020-21 பருவத்தில் அது 16.5 கோடி ரூபாயாக இருந்தது. தொடக்கப் பருவங்களில் முதன்மை விண்மீன் வீரர் ஒருவரின் சம்பளம் வரம்பில் சேர்க்கப்படவில்லை. சென்னையின் கழகம் இவ்விடத்தில் பிரேசிலின் எலானோவைச் சேர்த்தது. அவர் 2014இல் 8 கோல்களுடன் தொடரில் அதிக கோல் அடித்தவரானார். எனினும் செலவு வரம்பு மட்டும் கழகங்களின் நிதிநிலையைக் காத்துவிடவில்லை. தொடரின் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் 2025 சூலையில் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டபோது, சென்னையின் கழகம் ஆகத்து மாதத்தில் தன் செயற்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது.

விளைவுகளும் விமர்சனங்களும்

வரம்பு சமமாக இருப்பினும் வெற்றிகள் சமமாகப் பகிரப்படவில்லை. 2008 முதல் 2025 வரையான 18 பருவங்களில் சென்னையும் மும்பையும் தலா ஐந்து முறையும், கொல்கத்தா மூன்று முறையும் கிண்ணத்தை வென்றுள்ளன. அதேவேளை, விதிகளைத் திறம்படக் கையாள்வது வெற்றியை உறுதிப்படுத்துவதில்லை. 2025இல் சென்னை அணி முதன்முறையாகப் புள்ளிப் பட்டியலில் கடைசி இடம் பெற்றது.

வீரர்களின் பங்கு குறித்த விமர்சனமே முக்கியமானதாகும். 2023-27 காலத்துக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. இது ஆண்டுக்குச் சராசரியாக 9,678 கோடி ரூபாய் ஆகும். பத்து அணிகளும் 2025இல் மொத்த வரம்பை முழுமையாகச் செலவிட்டிருந்தாலும் வீரர்களுக்குச் சேர்வது 1,460 கோடி ரூபாய், அதாவது ஒளிபரப்பு வருமானத்தில் மட்டும் ஏறத்தாழ 15 விழுக்காடு. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலும் சம்பள வரம்பு உண்டு. ஆனால் அங்கு வரம்பு வீரர் சங்கத்துடன் பேசி முடிவு செய்யப்படுகின்றது. வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குச் செல்கின்றது. இந்தியாவில் 2019இல் தொடங்கப்பட்ட இந்தியத் துடுப்பாட்டக்காரர் சங்கம் ஓய்வுபெற்ற வீரர்களுக்கு மட்டுமே உரியது. களத்தில் ஆடுவோருக்காக வரம்பைப் பற்றிப் பேசும் அமைப்பு இல்லை.

வெளிநாட்டு வீரர்கள் ஆண்டுதோறும் நடக்கும் சிறு ஏலத்தில் பெறக்கூடிய சம்பளத்துக்கும் உச்ச அளவு விதிக்கப்பட்டுள்ளது. 2025 திசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் கேமரன் கிரீனைக் கொல்கத்தா அணி 25.20 கோடி ரூபாய்க்கு வாங்கியபோதும், அவருக்குரியது 18 கோடி மட்டுமே. எஞ்சிய 7.20 கோடி ரூபாய் வீரர் நலனுக்கென வாரியத்துக்குச் செல்லும். அணியின் வரம்பில் கழிக்கப்படுவதோ முழுத்தொகையாகும். 2010இன் மூடிய உறை முறையைப் போன்றே இங்கும், அணி கொடுக்கும் விலைக்கும் வீரர் பெறும் ஊதியத்துக்கும் இடைப்பட்ட தொகை வாரியத்தைச் சேர்கின்றது.

இவற்றையும் பார்க்க

* இந்தியன் பிரீமியர் லீக்
* சென்னை சூப்பர் கிங்ஸ்
* இந்தியன் சூப்பர் லீக்
* சென்னையின் காற்பந்துக் கழகம்