தாமல்: கயிறு தந்த பெயரா?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியோடு இருக்கும் ஊர் தாமல். பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் தாமோதரப் பெருமாள் கோயிலைக் காட்டுவார்கள். தாமம் என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. வெண்ணெய் திருடிய பிள்ளையை யசோதை உரலோடு கட்டிய கதை. கயிறு அழுத்திய தழும்பு இங்கே உற்சவர் திருமேனியில் உண்டு என்பார்கள். தாமோதரன் ஊர் தாமல் ஆயிற்றாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஒலிக்கணக்குத்தான் இடிக்கிறது. தாமோதரன் தேய்ந்து குறுகினால் ஈற்றில் லகரம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும்? தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயர்தான். சோழர் கல்வெட்டுகளில் அது தாமர்க் கோட்டம் என்றும் வரும். பந்தல் பந்தர் ஆவதும், சாம்பல் சாம்பர் ஆவதும், குடல் குடர் ஆவதும் போலத்தான் தாமல் தாமர் ஆனதும். இலக்கணத்தார் கடைப்போலி என்பார்கள்.

இன்னும் பின்னால் போனால் புறநானூற்றில் ஒரு பெயர் நிற்கிறது. 43ஆம் பாட்டைப் பாடியவர் தாமப்பல் கண்ணனார். தாமற்பல் கண்ணனார் என்றும் பாடம் உண்டு. முன்னதைப் பிரித்தால் தாமம் வரும், பின்னதைப் பிரித்தால் தாமல் வரும். புலவர் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் நிற்பது சங்க நூல்களில் வழக்கம். லகரம் பகரத்துக்கு முன் றகரமாவதும் விதி. இவரைத் தாமலூர்க்காரர் என்று கொண்டவர்கள் பக்கமே என் ஓட்டு.

அவரைப் பற்றிப் பாட்டின் அடியில் உள்ள குறிப்பு ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் இவரும் வட்டு என்ற காய் வைத்து ஆடினார்கள். புலவர் காயைக் கைக்குள் மறைத்தார். வெகுண்ட இளவரசன் வட்டை எடுத்து அவர்மேல் எறிந்தான். "நீ சோழன் மகன் அல்லை" என்றார் புலவர். அவன் நாணி உட்கார்ந்துவிட்டான். அப்போது பிறந்தது இந்தப் பாட்டு. (உரலில் கட்டுண்டவனும் கண்ணன், கள்ளாட்டம் ஆடியவரும் கண்ணன். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.)

கவனியுங்கள், முதலில் தப்புச் செய்தவர் புலவர். செய்ததோடு நில்லாமல், எதிராளியின் பிறப்பையே இழுத்துப் பேசியவரும் அவரே. இளவரசன் பதிலுக்கு வாளைத் தொட்டிருந்தால் யார் கேட்பது? அவன் தலைகுனிந்தான். அந்தக் குனிவைப் பார்த்த பிறகே புலவருக்குத் தன் பிழை உறைக்கிறது. புறாவுக்காகத் துலை ஏறிய முன்னோனின் வழிவந்தவனுக்கு இது தகுமா என்று அவனைக் கடிந்ததைச் சொல்லி, பிழைத்தவன் நானே என்று ஒப்புக்கொண்டு, காவிரி மணலைவிட அதிக நாள் வாழ்க என்று வாழ்த்தி முடிக்கிறார். வயதில், கல்வியில் மூத்தவர்தாம் சின்னவர்களுக்கு நல்லது கெட்டது கற்றுக்கொடுப்பார்கள் என்ற நம் நினைப்பு இங்கே செல்லுபடியாகவில்லை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகளின் அறவுணர்வை ஆராயக் கையில் எடுத்ததும் ஒரு விளையாட்டைத்தான், கோலி. 1932இல் வந்த அவர் நூலின்படி, சின்னப் பிள்ளைகள் ஆட்ட விதியைப் பெரியவர்கள் வைத்தது, தொடக்கூடாதது என்று நினைக்கிறார்கள். வளர வளர, சரிநிகராக ஆடி, சண்டை போட்டு, சமாதானமாகி, விதி என்பது நமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்று புரிந்துகொள்கிறார்கள். சோழ இளவரசனும் புலவரும் அந்த ஆட்டத்தின்போது சரிநிகர். அதனால்தான் கோபமும் வந்தது, நாணமும் வந்தது.

சரிநிகர் ஆட்டம் போலன்றி, யசோதையின் கயிறு மேலிருந்து வருவது. ஆனால் பாகவதம் அதையும் எளிதாக விடவில்லை. எத்தனை கயிறு சேர்த்தாலும் இரண்டு விரற்கடை குறைகிறது. பிள்ளையாக மனம் இரங்கிய பிறகுதான் கட்ட முடிகிறது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது கதையாகத் தோன்றாது. தமிழிலோ நாண் என்றாலே கயிறு, நாண் என்றாலே வெட்கம். இரண்டும் ஒரு வேரா என்பது வேறு விவகாரம். நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (1020) வள்ளுவர் இரண்டையும் சேர்த்து வைத்து ஆடுகிறார். உள்ளே நாண் இல்லாதவர் வெளி நாணால் ஆடும் மரப்பாவை என்கிறார்.

தமிழாசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். 43ஆம் பாட்டைச் சொல்லித்தரும்போது அடிக்குறிப்பைச் சேர்த்தே சொல்லுங்கள். புலவர் காய் மறைத்த செய்தி அதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது இன்னொரு அரச வாழ்த்துத்தான்.