ஒரே சஹனில் கற்ற பாடம்

உஹதுப் போரில் பட்ட காயத்தின் விளைவாக அபூ ஸலமா (ரலி) அவர்கள் மறைந்தபின், அவர்களின் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் மணமுடித்தார்கள். தந்தையை இழந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) நபியவர்களின் அரவணைப்பில் வளர்ந்தார். ஒருமுறை உணவு வேளையில் அச்சிறுவரின் கை தட்டெங்கும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் கூறவும், வலக் கையால் உண்ணவும், தமக்கு அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளவும் நபியவர்கள் கனிவோடு கற்பித்தார்கள். அதன்பின் தாம் என்றும் அவ்வாறே உண்டதாக அவர் கூறியதை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்துள்ளது.

ஒரே தட்டில் பெரியவரோடு அமர்ந்ததால் அந்த அநாதைச் சிறுவருக்கு ஒழுக்கமும் கிடைத்தது. ஓர் உறவும் கிடைத்தது.

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் வாழ்ந்த சுஃப்பாத் தோழர்களுக்கோ மதீனாவில் வீடும் இல்லை, குடும்பமும் இல்லை. இருவருக்கான உணவை உடையவர் மூன்றாமவராக அவர்களில் ஒருவரை அழைத்துச் செல்லுமாறு நபியவர்கள் பணித்தார்கள். பசியோடு தனிமையும் அங்கே தணிந்தது.

இம்மரபு நம் கரைகளிலும் வேரூன்றியது. அரபியில் தட்டைக் குறிக்கும் சொல்லே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் 'சஹன்' என வழங்குகிறது. விருந்துகளில் பலர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது இன்றும் உண்டு. ரமலானில் பள்ளிவாசல்களில் பெரிய சட்டிகளில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. வெந்தயமும் பூண்டும் எவ்வளவு, தேங்காய்ப்பால் ஊற்றும் பதம் எது என்பதை மூத்தவர் அருகில் நின்றே இளையவர் கற்றனர். தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்ற சிறுவர்களோ மஹல்லாவின் முகங்களை அறிந்தனர்.

இன்று பிள்ளைகள் வளைகுடாவிலும் பெருநகரங்களிலும் வாழ்கின்றனர். ஊரில் தங்கிவிட்ட மூத்தோரில் பலர் தனியே சமைத்துத் தனியே உண்கின்றனர். பேரப்பிள்ளைகளோ கைபேசியைப் பார்த்தபடி உண்கின்றனர். நன்னிமாரின் கைப்பக்குவம் கேட்பாரின்றி அவர்களோடு மறைகிறது.

இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. கஞ்சி காய்ச்சும் இடத்தில் பத்துச் சிறுவர்களை மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நிறுத்தலாம். விடுமுறை நாள்களில் தெருவின் பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளையும் தனித்து வாழும் ஒரு நன்னியின் அடுப்படிக்கு அனுப்பலாம். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் சமைக்கட்டும். சமைத்ததை அவரோடு ஒரே சஹனில் உண்ணட்டும்.

தனித்து உண்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. ஆயினும், உண்டும் வயிறு நிறையவில்லை என முறையிட்ட தோழர்களிடம், சேர்ந்து உண்ணுமாறு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். அதில் பரக்கத் இருப்பதாகவும் கூறினார்கள். அந்த பரக்கத்திற்காக நம் வீட்டு மூத்தோர் காத்திருக்கின்றனர். இந்த வாரமே ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோம்.